எதிர் நாற்காலி

எங்கள் துறையின் நடைபாதையில், குடிதண்ணீர்க் குழாய்க்கும் துறைத் தலைவர் அறைக்கும் நடுவில், சுவரோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ‘மாணவர் சாதனைகள்’ என்று மேலே எழுதியிருக்கும். வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனவர்கள், கட்டுரைப் போட்டியில் ஜெயித்தவர்கள், பயிற்சி இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் அதற்குள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேரும் பகல் வகுப்புக்காரர்கள். மாலை வகுப்பிலிருந்து ஒரு தலைகூட அதற்குள் போனதில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பெட்டி முன்னால் நின்று, என் மூஞ்சி எந்த மூலையில் பொருந்தும் என்று நான் பார்த்ததுண்டு. ஆசைப்படுவதில் என்ன வெட்கம்?

கடையில் ஆள் இல்லாததால் ஒரு வாரம் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்று, பெட்டிக்குள் நான் இருந்தேன். நட்ட நடுவில், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக. வாய் திறந்திருக்கிறது, சுட்டு விரல் மேலே நிற்கிறது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: “கண் செருகுகிற மாணவன் கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவனுக்குப் பட்டம் எதற்கு? மாலை வகுப்புகளை மூடுங்கள்!” அதற்கும் கீழே சின்னதாக: ‘நம் மாலை வகுப்பு மாணவி, விவாதப் போட்டியில் முதல் பரிசு.’

அந்த வார்த்தைகளைச் சொன்னது நான்தான். வயிற்றெரிச்சலே அதில்தான் இருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அரசியலும் தத்துவமும் ஒரே துறை. ஒரே படிக்கட்டு, ஒரே டீ கெட்டில், ஆனால் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போக மாட்டார்கள். ஆண்டுக்கொரு விவாதப் போட்டி நடக்கும். யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சொந்தக் கருத்தை யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம், பிடிக்காத கருத்துக்காகப் பேசிப் பார் என்பதுதான் இங்கே பயிற்சி. இந்த முறை தலைப்பு, ‘மாலை வகுப்புகளை மூடிவிட வேண்டும்’. எனக்கு வந்த சீட்டில் ‘ஆம்’ என்று இருந்தது. நான் பகல் முழுக்க ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். மாலை வகுப்பு இல்லையென்றால் இந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டேன்.

‘இல்லை’ என்ற சீட்டு சைரனுக்கு வந்தது. சைரன் என்பது எங்கள் வகுப்பு அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்ததும் சீருடையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவருடைய குரலும் வண்டிக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

“தங்கச்சி, நீ பேசற பேச்சுல நானே டி.சி. வாங்கிட்டுப் போயிடப் போறேன்” என்றார்.

எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினேன். வகுப்பில் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கி, எழுந்தபோது கன்னத்தில் மையெழுத்து ஒட்டியிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். “பாடம் தலைக்குள்ள ஏறல, கன்னத்துல ஏறிடுச்சு!” அரங்கம் கைதட்டி ஓய்வதற்குள் மணி அடித்துவிட்டது. ஜெயித்தேன். சைரன் தோற்றார். மேடையிலிருந்து இறங்கியதும் கையைக் குலுக்கி, “நல்லா வெச்சு செஞ்சுட்ட” என்றார்.

ஆனால் எங்கள் துறையில் ஜெயித்த உடனே மெடல் தர மாட்டார்கள். அதற்கு எதிர் நாற்காலி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஜெயித்தவர் எழுந்து மேடையின் மறுபக்கம் போய், தோற்றவரின் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பேச்சைத் தானே கிழிக்க வேண்டும். தன் பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாதவருக்கு மெடல் கிடையாது. அது மேசை டிராயரிலேயே கிடக்கும். துறை தொடங்கியபோது போட்ட சண்டையில் வந்த சமரசம் இது என்பார்கள். அரசியல்காரர்களுக்கு ஜெயிக்க வேண்டும், தத்துவக்காரர்களுக்குச் சரியாக இருக்க வேண்டும். முதல் பாதி அவர்களுக்கு, இரண்டாம் பாதி இவர்களுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பேச்சு முழுசு.

இந்த வருடம் அந்த இரண்டாம் பாதியை அன்றைக்கே நடத்தவில்லை. பரிசளிப்பு விழாவுக்குப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு வருகிறது, அங்கே வைத்துக்கொண்டால் அழகாக இருக்கும் என்று துறைத் தலைவர் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். அந்த இடைவெளியில்தான் என் பாதிப் பேச்சு பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் படத்தை முறைத்துக்கொண்டிருந்தபோது சைரன் வந்து பக்கத்தில் நின்றார். முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

“பாத்துட்டியா?”

“இத யாருண்ணா மாட்டினது? சீட்டுல வந்த பக்கம்னு ஒரு வார்த்தை போடக் கூடாதா?”

“நம்ம துறைக்கு வெளில யாருக்கும் சீட்டுன்னா என்னன்னே தெரியாது. இன்னைக்குப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அடுத்த வருஷத்துக்கு எப்ப சேக்கறீங்கன்னு கேட்டேன். என் வீட்டுக்காரி சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா இல்ல? ‘மாலை வகுப்ப மூடறதப் பத்தி ஆட்சிக்குழு விழா அன்னைக்கு முடிவு பண்ணுது’ன்னாங்க. ஏன்யான்னு கேட்டா, இதே படத்தக் காட்டறாங்க. ‘உங்க ஆளே வேணாம்னு சொல்லுது, அப்புறம் எங்கள என்ன கேக்கறீங்க?’ன்னு சிரிக்கறாங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கைதட்டலோடு செய்திருக்கிறேன்.

என் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். கண்ணாடி ஃப்ரேமின் காதுப் பக்கத்துத் திருகாணியை இறுக்குவது. பெட்டியின் கண்ணாடியும் நான்கு மூலையிலும் பொடித் திருகாணிகளால்தான் பொருத்தப்பட்டிருந்தது. வெளியே எடுத்து முதல் திருகாணியில் வைத்தேன். சைரன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கழட்டிடுவ. நாளைக்கு இதவிடப் பெருசா ஒண்ணு மாட்டுவாங்க. ‘திருட்டுத்தனமா எடுத்துட்டா’ன்னு கூடுதலா ஒரு பேரு வரும்.”

அவர் சொன்னது சரி. சத்தமில்லாமல் கழற்றினால் என் வாய்க்கு என்ன மரியாதை? ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு நேராகத் தலைவர் அறைக்குள் போனேன்.

துறைத் தலைவர் தத்துவப் பக்கத்து ஆள். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, பயமும் உண்டு. மாணவர்களை வயது பார்க்காமல் நீங்க வாங்க என்றுதான் பேசுவார். என் முதல் கட்டுரையின் ஓரம் முழுக்கப் பென்சிலால் ‘ஏன்?’ ‘ஏன்?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தவர். அந்த ஏன்களால்தான் நான் இந்தப் படிப்பில் ஒட்டிக்கொண்டேன்.

“வாங்கம்மா. படம் நல்லா வந்திருக்கு இல்ல?”

“படம் நல்லாத்தான் இருக்கு மேடம். கீழ இருக்கறது என் கருத்து இல்ல. சீட்டுல வந்த பக்கம். உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எப்படி மாட்ட விட்டீங்க?”

அவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்காகத்தான் இருந்தன. “பதிவாளர் அலுவலகத்துல இருந்து வந்து மாட்டிட்டுப் போனாங்க. ஒரு வாரமா இருக்கு. நீங்களும் ஒண்ணும் சொல்லல. உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்.”

“நான் வகுப்புக்கே வரல மேடம்.”

“சரி, அத விடுங்க. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு.” குரலை இறக்கினார். “நாடாளுமன்ற நூலகத்தோட ஆய்வுப் பிரிவுல நம்ம துறைக்கு ஒரு பயிற்சி இடம் இருக்கு இல்ல? உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். ஆட்சிக்குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. அவருக்கு உங்க பேச்சு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

அந்த இடத்துக்கு நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். சட்ட வரைவு வந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டி எடுத்து உறுப்பினர்களுக்குக் குறிப்பு எழுதித் தருகிற வேலை. சம்பளத்தோடு ஆறு மாதம். நன்றாகச் செய்தவர்களை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் நின்றுகொண்டே, அந்த நூலகத்தில் எனக்கு ஒரு மேசையும் மேசை விளக்கும் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

“விழாவுல நீங்க ஒண்ணும் பெருசா பண்ண வேணாம். அந்தப் பேச்சோட முதல் பகுதிய மட்டும் பேசிட்டு மெடல வாங்கிக்குங்க.”

“எதிர் நாற்காலி?”

“இந்த வருஷம் வேணாம்மா. நேரம் இல்ல.”

“நேரம் இல்லையா மேடம், தைரியம் இல்லையா?”

வாய் முந்திக்கொண்டது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூக்கில் உட்காருகிற ரப்பர் ஒரு பக்கம் இல்லாமல், ஃப்ரேம் சாய்ந்து கிடந்தது. எத்தனை மாதமாக இப்படியே போட்டுக்கொண்டு அலைகிறாரோ என்று அந்த நேரத்திலும் எனக்குக் கை பரபரத்தது.

“துறையையே மூடிட்டு வணிகத் துறைக்குக் கட்டடத்தக் குடுக்கணும்னு பேசறாங்க. மாலை வகுப்ப விட்டுக்குடுத்தா பகல் வகுப்பாவது நிக்கும். ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணு மிஞ்சும். எனக்கு மட்டும் சந்தோஷமா?”

“நீங்க தத்துவம் பக்கம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“தலைவர் நாற்காலில உக்காந்துட்டா எல்லாரும் அரசியல் பக்கம்தாம்மா” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். நான் வகுப்புக்குப் போகிற நாளெல்லாம் அம்மாவுக்கு மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான். பயிற்சி இடம் என்று நான் வாயெடுத்ததுமே மடித்த துணி மடியிலிருந்து சரிந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். மீதியைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

“உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? நாலு வரி பேசிட்டு வாங்கிட்டு வர வேண்டியதுதானே?”

“அந்த நாலு வரியால வகுப்பையே மூடிடுவாங்கக்கா.”

“உனக்கு இன்னும் ஒரு வருஷந்தானே பாக்கி? சேந்தவங்கள முடிக்க விட்டுடுவாங்க. மூடினா இனிமே வர்றவங்களுக்குத்தான் கஷ்டம். அவங்க எல்லாம் யாரு? உன் சித்தி பிள்ளைங்களா?”

“நான் சேர்றதுக்கு முன்னாடி மூடியிருந்தா? அப்ப நானும் யாரோதானே?”

“பேச்சுல உன்ன ஜெயிக்க முடியாது. வக்கீல்னு அப்பா பேரு வெச்சது தப்பே இல்ல.” அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “இத்தன நாளா நானும்தான்டி ஓடியிருக்கேன். நீ அந்தக் கடைல இருந்து வெளில வருவன்னுதான் பல்லக் கடிச்சிட்டிருந்தேன். எனக்கும் இதுல பங்கு இருக்கு. அத நீ யாருக்காகவோ தூக்கிப் போடறதுக்கு என்னக் கேட்டியா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள், நியாயமாகவும் கேட்டாள். விழா வரைக்கும் என்னோடு பேசவில்லை. என் மனசும் ஆட்டம் கண்டுவிட்டது. கடையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே, முதல் பகுதியை மட்டும் பேசிவிட்டு இறங்கினால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே வாதாடினேன். நன்றாகவே வாதாடினேன். சிக்கல் என்னவென்றால், துறை என்னைக் கெடுத்து வைத்திருந்தது. வாதாடி முடித்ததும் மனசு தானாக எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய்விடுகிறது.

விழா அன்று கிளம்பும்போது என் புடவை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் இருந்தது. அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “தோக்கத்தான் போறேன்னா கசங்கின புடவையோட போய்த் தோக்காத.”

அரங்கில் முன்வரிசை முழுக்க ஆட்சிக்குழு. நடுவில் அதன் தலைவர், கோட்டும் கழுத்துப் பட்டையுமாக. பகல் வகுப்பு மாணவர்கள் நடுவில். மாலை வகுப்புக்காரர்கள் வேலையிலிருந்து கிடைத்த நேரத்தில் தப்பி வந்து பின்னால் நின்றும் உட்கார்ந்தும் இருந்தார்கள். தாதி, காவலாளி, தட்டச்சுக்காரர், பேருந்து ஓட்டுநர் என்று பாதிப் பேர் சீருடையில். சைரனை மட்டும் காணவில்லை.

மேடையைப் பார்த்தேன். எப்போதும் மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி இருக்கும். அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது. எதிர் நாற்காலியைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அதுவரைக்கும் எனக்குள் ஊசலாடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. கேட்டிருந்தால் ஒருவேளை நானே விட்டுக்கொடுத்திருப்பேன். என்னைக் கேட்காமல் தூக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஓரமாக வந்து கைப்பேசியில் சைரனைக் கூப்பிட்டேன். “அண்ணா, வரும்போது உக்கார்ற மாதிரி எதாவது கொண்டு வாங்க.” ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

என் முறை வந்தது. கேட்டபடி முதல் பகுதியைப் பேசினேன். முதல் தடவையைவிட நன்றாகவே பேசினேன், அதில் எனக்கு ஒரு கர்வம். கண் செருகுகிற மாணவன் வந்தான், கன்னத்தில் மையெழுத்து ஒட்டிய பெண் வந்தாள். முன்வரிசை சிரித்தது. ஆட்சிக்குழுத் தலைவர் பக்கத்து ஆளின் காதில் ஏதோ சொல்லித் தலையாட்டினார். கைதட்டல் முடிந்ததும் மெடல் தட்டோடு மேடையேறினார்.

“ஒரு நிமிஷம் ஐயா. இன்னும் பாதி இருக்கு.”

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். அரங்கின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. சைரன் சீருடையோடு உள்ளே வந்தார். தோளில், நோயாளிகளை மாடிப்படியில் இறக்குகிற ஆரஞ்சு நிற மடக்கு நாற்காலி. ஆம்புலன்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறார். மேடையேறி அதைப் படாரென்று விரித்து, பட்டியை இழுத்துவிட்டு, “உக்காரு தங்கச்சி, பத்திரமா இருக்கும்” என்றார். பின்வரிசை ஆர்ப்பரித்தது.

“இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே” என்றார் ஆட்சிக்குழுத் தலைவர்.

“நிரல்ல இல்லங்க ஐயா. துறைல இருக்கு.” நான் உட்கார்ந்தேன். “முன்னாடி பேசின அம்மா நல்லாப் பேசினாங்க. ஆனா கதைய பாதிலயே நிறுத்திட்டாங்க. தூங்கின பொண்ணு எழுந்திருச்சான்னு சொன்னாங்க, கன்னத்துல மை இருந்ததுன்னு சொன்னாங்க. எழுந்து என்ன பண்ணான்னு சொல்லல. அந்தப் பொண்ண எனக்கு நல்லாத் தெரியும். பகல் முழுக்க நின்னுட்டே வேலை பாத்துட்டு வந்தவ. அவ தூங்கினது நிஜம். அந்தப் பொண்ணு நான்தான்.”

சிரித்துக்கொண்டிருந்த சிலர் நிறுத்தினார்கள்.

“அன்னைக்கு வகுப்புல நடந்த பாடம் இது. ஒரு நாட்டுல இருந்துக்கிட்டு, சட்டத்த எதிர்த்து ஒண்ணும் சொல்லாம இருக்கறவங்க அந்த ஆட்சிக்குச் சம்மதிச்சுட்டதா எடுத்துக்கலாம். பாடம் நடந்துட்டிருக்கும்போது அவ முழிச்சா. முழிச்ச உடனே ஒரு கேள்வி கேட்டா. அது என்னன்னு நான் சொன்னா, தன்னப் பத்தித் தானே அளக்கறான்னு சொல்லுவீங்க. அன்னைக்குப் பாடம் எடுத்தவங்களே இங்க இருக்காங்க. மேடம், அந்தப் பொண்ணு என்ன கேட்டா?”

துறைத் தலைவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அரங்கம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. ‘ஞாபகம் இல்லை’ என்று ஒரு வார்த்தை போதும். யாரும் அவரைத் தப்பு சொல்ல முடியாது. நான் தொலைந்தேன், வகுப்பும் தொலைந்தது.

அவர் எழுந்தார். சாய்ந்த கண்ணாடியை விரலால் நேராக்கினார். அது மறுபடியும் சாய்ந்தது.

“ஞாபகம் இருக்கு” என்றார். “‘மேடம், தூங்கறவங்களும்தான் எதிர்த்து ஒண்ணும் சொல்லாம இருக்காங்க. அவங்களும் சம்மதிச்சுட்டாங்கன்னு எடுத்துக்கலாமா?’ன்னு கேட்டாங்க.”

யாரோ சிரித்தார்கள், பாதியிலேயே அடங்கிவிட்டது.

“எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. என்கிட்ட பதில் இல்ல. பேசாம இருக்கறவன் யோசிச்சுட்டு இருக்கானா, பயந்துட்டு இருக்கானா, களைச்சுப் போயிருக்கானான்னு கேக்காம, சம்மதம்னு எழுதிக்கறது எவ்வளவு சுலபம்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அடுத்த வாரத்துல இருந்து அந்தப் பாடத்தையே மாத்திட்டேன். பகல் வகுப்புலயும் இப்ப அந்தக் கேள்வில இருந்துதான் ஆரம்பிக்கறேன். அந்தப் பாடத்துக்குத்தான் போன வருஷம் சிறந்த ஆசிரியர் விருது குடுத்தீங்க.” கடைசி வரியை ஆட்சிக்குழுத் தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

விருது எல்லாம் எனக்குத் தெரியாத சேதி. ஆனால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறவளுக்கு மெடல் தருவார்களா என்ன?

“என் படத்த மாட்டறதுக்கு யாரும் என்னக் கேக்கல. அதுக்குக் கீழ என்ன எழுதறதுன்னும் கேக்கல. நான் ஒண்ணும் சொல்லல, அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. இப்ப சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல. மாலை வகுப்ப மூடணும்னு முடிவு பண்றீங்க. அங்க படிக்கறவங்க ஒருத்தரையாவது கேட்டீங்களா? கேக்காம எடுத்துக்காதீங்க. இதோ நிக்கறாங்க, கேளுங்க.”

எழுந்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. பின்னால் நாற்காலிகள் நகருகிற சத்தம் கேட்டது. தாதி எழுந்தார். காவலாளி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு பின்வரிசைகள் மொத்தமும். சைரன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நடுவில் இருந்த பகல் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் எழுந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆட்சிக்குழுத் தலைவர் மெடல் தட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். பின்னாலேயே முன்வரிசையும் நழுவியது. துறைத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, வழக்கமாகச் சொல்கிற வாசகத்தை வழக்கமான குரலிலேயே சொன்னார்: “எதிர் நாற்காலி முடிந்தது. பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மெடல் இவருக்கே.” தட்டிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

நாடாளுமன்ற நூலகத்துப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. பகல் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் போனது. நல்ல பையன், விழாவில் எழுந்து நின்றவர்களில் அவனும் ஒருவன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வருடம் மறுபடியும் கேட்பேன். அந்த நூலகத்து மேசை இடத்தைவிட்டு எங்கும் போய்விடாது, நானும் போக மாட்டேன். அக்கா மெடலை வாங்கிப் பார்த்து, “இத வெச்சு என்ன பண்ணுவ?” என்றாள். பிறகு அம்மாவின் மருந்து அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கவிட்டாள். கேட்காததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “போடி” என்றாள். அதற்குமேல் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மாலை வகுப்பைப் பற்றிய முடிவை ஆட்சிக்குழு தள்ளிவைத்துவிட்டது. மாணவர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். அடுத்த வருடச் சேர்க்கைக்கு அறிவிப்பு வந்தது, சைரன் வீட்டு அண்ணி முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துகொண்டார். மறுபடியும் மூட வருவார்கள். வரட்டும், மடக்கு நாற்காலி வண்டியிலேயேதான் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றிருந்தார். என் படம் இன்னும் அதற்குள் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது.

“பதிவாளர் அலுவலகத்துல கழட்ட மாட்டேங்கறாங்க. மூணு தடவ சொல்லிட்டேன்” என்றார். “அன்னைக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருந்தீங்களே, இருக்கா?”

“பாத்தீங்களா மேடம்?”

“என் அறைக் கதவுலயும் கண்ணாடிதாம்மா இருக்கு.”

பையிலிருந்து எடுத்தேன். நடைபாதையில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, திருகாணிகளைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடியை இறக்கினோம். கீழே இருந்த கொட்டை எழுத்தை அவர் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். படத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டார்.

“இது இருக்கலாமா?” என்று கேட்டார்.

“இருக்கலாம் மேடம்.”

வகுப்புக்குள் போனோம். சைரன் கடைசி பெஞ்சில் புத்தகத்தின் மேல் தலையை வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்து வண்டியில் இருந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தட்டி எழுப்பப் போனார். துறைத் தலைவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கிப் பாடத்தைத் தொடங்கினார்.

“எழுந்ததும் கேப்பாரு” என்றார்.